அப்பத்தாவின் மாட்டுக்காசு

அன்புள்ள ஐயா,

எனக்குத் தேவிபட்டினம். எங்கள் அப்பத்தா தவறிய பிறகு அவர் சுருக்குப்பையில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் காளை படுத்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் 'மாட்டுக்காசு' என்றுதான் சொல்வோம். அதிலிருந்து ஒரு பித்து. யானை, குதிரை, புலி, மீன் என்று விலங்கு போட்ட பழங்காசுகளாகச் சேர்த்து ஒரு ஆல்பம் போட ஆசை. என் காசு சேதுபதி மன்னருடையது என்கிறார்களே, சரியா? களிம்பு ஏறியிருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் குதிரைக்காசு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

தங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் புளியை அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள்.

இருபத்தைந்து வயதில் பழைய பாத்திரக்கடை ஒன்றில், எடைக்கு வந்த செம்புக் குவியலிலிருந்து ஒரு சதுரக் காசு எடுத்தேன். சங்ககாலப் பாண்டியர் காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளாலேயே ஆன மீன். (அந்த மீனைப் பார்த்தால் மீன் என்றே தோன்றாது. கோலத்தின் ஒரு மூலை மாதிரி இருக்கும்.) வீட்டுக்கு வந்ததும் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். விடிந்து பார்த்தால் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. தும்பிக்கையைக் காணோம். யானை நின்ற இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தும் போகாத தும்பிக்கை, என் கையில் ஒரு ராத்திரியில் போய்விட்டது.

கெட்டியாக, அடர்பச்சையாக ஒட்டியிருக்கும் களிம்பு காசுக்குத் தோல். அது இருக்கட்டும். வெளிறிய பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால்தான் கவலை. உப்புக்காற்றும் ஈரமும் செம்பை அரிக்கிற வேலை அது, நம் கடற்கரையில் வேகமாகவே நடக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறை போட்ட ஆல்பம் வேண்டாம். நாளடைவில் அந்த உறையே காசை அரிக்கும்.

இனி காளை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். திமில் தெரிகிறதா? மேலே பிறை, காலடியில் 'சேது' என்று தமிழ் எழுத்து, மறுபக்கம் நிற்கும் மனித உருவம், இத்தனையும் இருந்தால் அது பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காசு. 'சேது' என்பதைப் பார்த்து அதை ராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு காலத்தில் உண்டு. யாழ்ப்பாண அரசர்களும் தங்களைச் சேதுகாவலர் என்றே சொல்லிக்கொண்டார்கள், நந்தி அவர்கள் சின்னம். இந்தக் காசுகள் யாழ்ப்பாணப் பக்கம் நிறையக் கிடைத்ததும் சேர்ந்துதான் வழக்கு தீர்ந்தது. அக்கரைக் காசு இக்கரைச் சுருக்குப்பைக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நடுவில் இருப்பது பாக் நீரிணை, அவ்வளவுதானே.

பாருங்கள், காளையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எங்கே கிடைத்தது என்பதும் வேண்டியிருந்தது. ஆகவே ஆல்பத்துக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். காசு எந்த ஊரில், யார் கையிலிருந்து, என்றைக்கு வந்தது என்று எழுதுங்கள். அப்பத்தாவுக்குப் பிறந்த ஊர் எது? அவருக்கு அதைக் கொடுத்தது யார்? விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

விலங்கு வாரியாகப் பிரித்து அடுக்குவதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சோழர் காசில் புலி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் மீனும் வில்லும் இருக்கும். அந்த மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. தோற்றவன் சின்னத்தைத் தன் காசில் போட்டு நம் கையிலேயே கொடுத்திருக்கிறான் சோழன். இதைப் புலிப் பக்கத்தில் ஒட்டுவீர்களா, மீன் பக்கத்திலா? பிற்காலப் பாண்டியர் காசில் இரண்டு கயலுக்கு நடுவே செண்டு என்னும் கோல் நிற்கும். அந்த மீனையும் இந்த மீனையும் ஒரே வரிசையில் வைத்தால் எனக்கு மனசு ஒப்பாது.

குதிரைக்காசை வாங்காதீர்கள். குதிரையும் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரும் உள்ள காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது நாணயவியல் உலகமே திரும்பிப் பார்த்தது. அரிதான காசு. அது வாட்ஸ்அப்பில் பேரம் பேசிக்கொண்டு வருமா? அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, முகத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிந்தால் அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த போலி.

இன்னொன்று. அழகன்குளம் கோட்டைமேட்டில் தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டமாகத் தோண்டியது. ரோமானியக் காசுகளும் கிடைத்த இடம். அந்தப் பக்கம் 'வயலில் எடுத்தது' என்று யாராவது நீட்டினால் பணம் கொடுத்து வாங்கிவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நீங்கள் ஒன்றுக்கு விலை கொடுத்தால் அடுத்த வாரம் அங்கே நாலு குழி விழும்.

ராமநாதபுரம் வரும்போது மாட்டுக்காசைக் கொண்டுவாருங்கள். கழுவாமல், அந்தச் சுருக்குப்பையோடு.