மூன்று கோர்ஸுக்குக் காசு கட்டுமுன்

வணக்கம் அம்மா,

உயர்தரப் பெறுபேறு வரும்வரை மகனைச் சும்மா இருக்கவிட மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் ஓரிடத்தில், கணினியைப் படம் பார்க்கப் பழக்கும் படிப்பில், முகத்தை அடையாளம் காண ஒரு கோர்ஸ், வாகன நம்பர் பிளேட்டை வாசிக்க இன்னொன்று, எக்ஸ்ரே படத்துக்கு வேறொன்று என்று மூன்றுக்கும் தனித்தனியே காசு கேட்கிறார்களாம். எதில் சேர்ப்பது என்கிறீர்கள். இப்போதைக்கு ஒன்றிலும் வேண்டாம்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குத்தான். 2012இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பியல் வலையமைப்பு, அதாவது உதாரணப் படங்களைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல், படத்தில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கும் இமேஜ்நெட் போட்டியில் மற்றவற்றைப் பின்தள்ளியது. அதற்குப் பிறகு, ஒரு வேலைக்குப் பழக்கிய வலையமைப்பை வேறு வேலைக்கும் எடுக்கலாம் என்பது வழக்கமாகிவிட்டது. படம் அதில் அடுக்கடுக்காகக் கடந்துபோகும். முதல் அடுக்குகள் கற்பது விளிம்பு, நிறம், கோடு. நாய்ப் படமோ நம்பர் பிளேட்டோ, அவை எல்லாவற்றுக்கும் பொது.

மகனைச் சந்தைக்கு அனுப்புங்கள். பாரை, அறக்குளா என்ற இரண்டு மீனையும் போனில் நூறு நூறு படம் எடுக்கட்டும். 2015இல் வந்த ரெஸ்நெட்-50 என்ற வலையமைப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பழகியது. அதன் கடைசி அடுக்கு 1000 வகைகளைப் பிரிக்கும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு விடை மட்டும் தரும் அடுக்கைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு படமும் அந்த இடத்துக்கு வரும்போது 2048 எண்களாகியிருக்கும். ஒரு விடைக்கு அந்த 2048க்கும் ஒவ்வொன்று, கூடவே இன்னுமொன்று. ஆக, இரண்டு விடைக்கும் புதிதாகக் கற்க வேண்டியது 4098 எண்கள்தான். ஏற்கெனவே கற்ற மிச்ச எண்கள் இரண்டு கோடிக்கும் மேல், அப்படியே கிடக்கும். இணையத்திலேயே நிரலை ஓட்டித் தரும் கூகுள் கொலாப் போதும், லெப்டொப்புக்குக் கடன் வாங்க வேண்டாம்.

முதல் தடவை பிழையாகப் போகும். பாரையெல்லாம் நீலத் தட்டில், அறக்குளாவெல்லாம் ஐஸில் கிடந்தால், அது மீனை விட்டுவிட்டுத் தட்டைப் படித்திருக்கும். ஏன் பிழை வந்தது என்று அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் நோண்டிக் கேட்பது இதைத்தான்.

எல்லாம் ஒரே வலையமைப்பிலேயே முடிந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். சாதாரணப் படங்களில் பழகியதற்கு எக்ஸ்ரே புதுசு. உள் அடுக்குகளையும் திரும்பப் பழக்க வேண்டிவரும். ஒரே வலையமைப்பைப் பல வேலைக்குச் சேர்த்துப் பழக்கும்போது ஒன்று தேற மற்றது கெடுவதும் உண்டு. 2023இல் மெட்டா வெளியிட்ட செக்மெண்ட் எனிதிங் என்ற வலையமைப்பு, படத்திலுள்ள எந்தப் பொருளையும் ஓரம் பிடித்து வெட்டித் தரும், ஆனால் அது என்ன பொருள் என்று சொல்லாது.

அப்புறம், இணைந்த கணித நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வகையீடும் நிகழ்தகவும் இந்தத் துறையில் தினமும் வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போதாவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியான யூ.சி.எஸ்.சி.யின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

பெறுபேறு வந்ததும் எழுதுங்கள். மீன்காரரிடம் கேட்டுவிட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள்.