கடலோர மேலாண்மை படிக்க 25 லட்சம்: டெபாசிட்டா, நகையா, வீடா?

கேள்வி: எனக்கு வயது 56. கடலூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். சிவில் இன்ஜினியரிங் முடித்த மகளுக்கு பிரிட்டனில் ஓராண்டு கடலோர மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 25 லட்சம் ஆகுமாம். கையில் 14 லட்சம் டெபாசிட், 30 பவுன் நகை, சொந்த வீடு. டெபாசிட்டை உடைத்து நகையை அடகு வைப்பதா, வீட்டைக் காட்டிக் கல்விக் கடன் வாங்குவதா?

பதில்: படிப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கடலூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி துறைமுகத்தின் தடுப்புச்சுவருக்கு வடக்கே மணல் கரைந்து குப்பங்கள் வரை கடல் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சரிசெய்ய கடற்கரையோரம் மணல் நகரும் விதம் தெரிந்த இன்ஜினியரும், உயிரியலும், கடலோர ஒழுங்குமுறைச் சட்டமும், மீனவர்களிடம் பேசத் தெரிந்த ஆளும் வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போவது இவை எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படிப்பு.

ஆனால் இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் திட்டப் பணிதான். நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வில் தேறி ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ, அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர், ஆனால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இப்போது கடனைப் பாருங்கள். 25 லட்சத்துக்கு 10.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஓராண்டு, அப்புறம் தவணை தொடங்க அவகாசம் ஓராண்டு. இரண்டு ஆண்டு வட்டியே சுமார் 5.25 லட்சம். அதையும் அசலில் சேர்த்துப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை கிட்டத்தட்ட 40,800. சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் போதாது. பிரிட்டனிலேயே வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பார்கள். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் விசாவின் காலம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

நகை அடகு அதைவிட மோசம். நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கு. மகள் சம்பாதிக்கவோ இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு தடவை வட்டி கட்டி மாற்றி வைக்கத் தவறினால் ஏல நோட்டீஸ் வந்துவிடும். டெபாசிட்டைத் தொடவே வேண்டாம். பென்ஷன் இல்லாத உங்களுக்கு அதுதான் பென்ஷன்.

சரி, என்ன செய்யலாம்? ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் வரும், 24 மாதம் வரை. நீர், கடலோர மேலாண்மைக்கென்றே ஸ்பெயினின் காதிஸ், இத்தாலியின் போலோன்யா, போர்ச்சுகலின் அல்கார்வ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு படிப்பு நடத்துகின்றன. போட்டி கடுமை, அந்த ஆண்டு உதவித்தொகை உண்டா, சிவில் பட்டத்தை ஏற்பார்களா என்று முதலில் அறிவிப்பைப் பாருங்கள். கூடவே கேட் தேர்வும் எழுதட்டும். சென்னை ஐஐடியில் ஓஷன் இன்ஜினியரிங் எம்.டெக். கிடைத்தால் மாதம் 12,400 உதவித்தொகையோடு படிக்கலாம். சுற்றுச்சூழல், சட்டம் பக்கம் கொஞ்சம் குறையும்தான். இன்ஜினியரிங் அடித்தளம் உறுதியாக இருந்தால் மற்றதை வேலையில் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உள்நாட்டுப் படிப்புக்குக் கடன் தேவைப்பட்டாலும் 7.5 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். வங்கிகள் பொதுவாக அதற்கு மேல்தான் சொத்து ஈடு கேட்கின்றன, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். படிக்கும்போதே கடை வருமானத்தில் வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். பல வங்கிகள் அதற்காக வட்டியில் 1% குறைக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

இந்த வாரமே ஒரு வேலை. கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மகளை மெயில் அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் கட்டியிருந்தால், அது திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடட்டும்.