ஆர்டிஎக்ஸ் 4060 ஏன் 4050-ஐ முந்தவில்லை?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள உங்கள் மடிக்கணினி, விளையாட்டுகளில் நண்பரின் 4050 மடிக்கணினிக்குச் சமமாகவே ஓடுவதற்குக் கார்டு பழுதாகியிருக்க வேண்டியதில்லை. அதற்குக் கிடைக்கும் மின்திறன் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். இவ்விரண்டையும் 35 முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு என்விடியா இடம் தருவதால், மெல்லிய மடிக்கணினியில் 50 வாட்டுக்குள் அடங்கிய 4060, நல்ல குளிரூட்டலுடன் 100 வாட் பெறும் 4050-ஐ முந்தாமல் போகலாம். பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவது வாங்குபவரை ஏமாற்றிவிடும்.

இரு கணினிகளிலும் சார்ஜரைச் செருகி, என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியைப் பாருங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால், உங்களுடையதில் ரேம் ஒற்றைக் குச்சியாக உள்ளதா என்று கவனியுங்கள்; அதுவும் வேகத்தைக் குறைக்கலாம்.

வாட் வரம்பை உயர்த்துவதற்காக வேறு மாடலின் விபயாஸை (கார்டை இயக்கும் உள்ளமை மென்பொருளை) ஏற்றிவிடாதீர்கள். குளிரூட்டி அந்த வெப்பத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்காது. வாட் குறைவாக இருந்தாலும், 4050-இன் 6 ஜிபி நினைவகம் போதாத விளையாட்டுகளில் உங்கள் 8 ஜிபி கார்டே முன்னிற்கும்.