வாசகர் கேள்வி பதில்: கேழ்வரகுக்கும் மாட்டுக்கும் கட்டிய வீடு

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் தாத்தா 1950-களில் குடியிருந்த வீட்டை வருகிற தையில் இடிக்கப் போகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு கூடம், இருட்டான ஒரு சின்ன உள் அறை, அடுப்படி, அவ்வளவுதான். இதில் பெரியப்பா, சித்தப்பா குடும்பமெல்லாம் சேர்ந்து எப்படி இருந்தார்கள்? அம்மாவைக் கேட்டால் "இடம் பத்தலைன்னு யாரும் சொன்னதே இல்லையே" என்கிறார். (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: அம்மா சொல்வது சரிதான். அறைக்கு இத்தனை பேர் என்று இன்றைய கணக்கில் பார்த்தால் அந்த வீடு பிடிபடாது. நம் பக்கத்து மானாவாரிக் குடியானவர் அந்தக் காலத்தில் முதலில் தானியத்துக்கு இடம் ஒதுக்குவார், அப்புறம் மாட்டுக்கு, மீதி இருக்கிற இடத்தில்தான் குடும்பம் படுக்கும். நீங்கள் பார்த்த இருட்டு அறை தூங்குவதற்குக் கட்டியது இல்லை, தொம்பை வைப்பதற்குக் கட்டியது. மூங்கில் பிளாச்சில் பின்னி உள்ளும் புறமும் சாணமும் மண்ணும் பூசிய தொம்பை நிறையக் கேழ்வரகு இருந்தால், அடுத்த வருஷம் மழை பொய்த்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். கேழ்வரகு மணி சின்னது, நன்றாகக் காயவைத்துக் கொட்டினால் வண்டு அவ்வளவாக அண்டாது, வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அதனால்தான் நல்ல சுவரும் நல்ல கதவும் அந்த அறைக்குப் போனது, ஜன்னல் மட்டும் கை நுழைகிற அளவுக்கு மேல் வைக்கவில்லை.

எங்கள் வீடும் அப்படித்தான். போச்சம்பள்ளிப் பக்கம், நாட்டு ஓடு போட்ட மண் சுவர் வீடு, முன்னால் திண்ணையைத் தாங்கும் இரண்டு கல்தூண். தாத்தா திண்ணையில் படுப்பார், அப்பாவும் சித்தப்பாக்களும் களத்தில் கயிற்றுக் கட்டிலில், மழை வந்தால் எல்லாரும் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் உள் அறை, தொம்பைக்குப் பக்கத்தில்.

தொம்பையின் அடியில் துணி அடைத்த ஒரு ஓட்டை இருக்கும். பாட்டி அதைப் பிடுங்கி முறத்தைக் காட்டுவார், தானியம் சரசரவென்று இறங்கும், அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் எங்கிருந்தாலும் ஓடி வந்து முறத்தில் கை வைப்போம், உடனே ஒரு அதட்டல் விழும். சித்திரை, வைகாசியில் அதே அறையில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கப் போடுவார்கள். எது பழுத்தது என்று இருட்டில் மூக்கை வைத்தே கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியும், அதில் அக்காதான் கெட்டிக்காரி. மாசி, பங்குனியில் புளி. ஊரே வாசலில் உட்கார்ந்து புளி தட்டும், கொட்டையும் நாரும் எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அமுக்குவார்கள், கொட்டைகளைப் பல்லாங்குழிக்கு நாங்கள் வாரிக்கொள்வோம். இத்தனையும் நடந்தது வாசலிலும் களத்திலும் திண்ணையிலும்தான். பகலில் கூரைக்கு அடியில் இருந்தவர்கள் சமைப்பவர்களும் நோயாளிகளும் மட்டும்தான் என்று சொல்லலாம். அப்புறம் இடம் எப்படிப் பத்தாமல் போகும்?

ஒன்று செய்யுங்கள். இடிப்பதற்கு முன்னால் அம்மாவை ஒரு தடவை அங்கே கூட்டிப் போய், யார் எங்கே படுத்தார்கள், தொம்பை எந்த மூலையில் இருந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் எங்கே கிடந்தன என்று கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். போட்டோவில் வெறும் சுவர்தான் விழும். கல்தூண் இருந்தால் பழைய சாமான் வாங்க வருகிறவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், புது வீட்டு முகப்பில் நிறுத்த அது இன்னும் உறுதியாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய கணக்கு நோட்டில் "சேலம் ஜில்லா" என்று எழுதியிருக்கிறது, எங்கள் ஊர் தர்மபுரி. உள்ளே வீசை, பலம், அணா என்று ஏதேதோ இருக்கிறது. (வாசகர், பாலக்கோடு)

பதில்: தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-இல். அதற்கு முன் சேலம் ஜில்லாதான். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். வீசை என்றால் 40 பலம், இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாறியபோது ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா வந்தது, கடையில் ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தின்பண்டத்துக்குக் கிடைத்த அரையணா மூன்று பைசாவானது. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், எந்த வருஷம் என்ன விளைந்தது, என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கேள்வி: பழைய வீடு, பழைய வாழ்க்கை என்று எப்போதும் புகழ்கிறீர்கள். அவ்வளவு நன்றாகவா இருந்தது? (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: இல்லை. அடுப்புப் புகையில் எங்கள் பாட்டியின் கண் கடைசி வரைக்கும் சிவந்தே இருந்தது. விடியற்காலையில் திருகை சுற்றி, தண்ணீர் சேந்தி, சாணம் அள்ளி, அப்புறம் காட்டு வேலைக்கும் போனது பெண்கள்தான். பல ஊர்களில் கரண்டு முதலில் வந்தது கிணற்று மோட்டாருக்கு, அடுப்படிக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு. அக்காவின் படிப்பு ஐந்தாவதோடு நின்றது, எனக்கு நிற்கவில்லை. நான் இவ்வளவு பிரியமாகச் சொல்கிற திண்ணையில் எல்லாரும் உட்கார முடியாது, எங்கள் களத்தில் கதிரடித்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலித் தானியம் வாங்கினார்கள். சின்ன வயதில் அது என் கண்ணில் படவே இல்லை, இப்போது அந்த வாசலை நினைத்தால் இதுவும் சேர்ந்துதான் வருகிறது. மாம்பழ வாசனையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: ராகி மாவு பாக்கெட் வாங்கிக் களி கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறதே? (வாசகர், ஓசூர்)

பதில்: மாவைத் தண்ணீரில் தூவிக்கொண்டே கிண்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு பிடி நொய்யைக் குழைய வேகவிடுங்கள். மாவை அதன் நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, கிளறாமல் தணலில் வேகவிடுங்கள். மாவு வெந்த வாசனை வந்த பிறகு இறக்கி, பாத்திரத்தை இரண்டு காலாலும் அண்டக்கொடுத்து ஒரே மூச்சில் கிண்ட வேண்டும். தண்ணீர் தொட்ட கையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் மொச்சைக்கொட்டைக் குழம்போடு சாப்பிடுங்கள்.