தொப்பியில் விழும் டாலர்: ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தெருவில் வாசிக்கலாமா?

கேள்வி: என் மகன் ஹெச்-1பி விசாவில் நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். சின்ன வயதில் இங்கே அல்சூரில் மிருதங்கம் கற்றவன். போன வருடம் ஒரு சனிக்கிழமை நியூயார்க் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா வழியாகப் போனபோது, சாக்ஸபோன் வாசிக்கும் ஒரு தெருக்கோஷ்டியைத் தற்செயலாகப் பார்த்து நின்றிருக்கிறான். இப்போது வாரா வாரம் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறான். தொப்பியில் விழும் பணத்தில் 40, 50 டாலர் பங்கு வருகிறதாம். விசாவுக்கு ஆபத்து என்கிறாள் மருமகள். இங்கே ஒரு ஏஜென்ட், "ஆர்ட்டிஸ்ட் விசா எடுத்தால் சரியாகிவிடும், மூன்றரை லட்சம்" என்றார். 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். தங்கை கல்யாணத்துக்கு வரும்போது பையன் விசா ஸ்டாம்பிங்கும் (தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்குவது) முடிக்க வேண்டும். என்ன செய்வது? – ஒரு தாயார், பெங்களூரு

பதில்: அம்மா, மருமகள் சொல்வதுதான் சரி. இந்தச் சனிக்கிழமையிலிருந்தே பையன் அந்தப் பங்கை வாங்கக் கூடாது. வாசிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, பங்கு வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

ஹெச்-1பி என்பது அமெரிக்காவில் வேலை செய்யப் பொதுவாகக் கொடுக்கும் அனுமதி இல்லை. மனுப்போட்ட கம்பெனிக்கு, மனுவில் எழுதிய வேலையைச் செய்ய மட்டும் கொடுத்தது. சம்பளம் என்று பெயர் வைத்தால்தான் வேலை என்று உங்கள் பையன் நினைக்கிறார். வாசித்ததற்காக நாலு பேர் போட்ட காசைப் பிரித்துக்கொண்டால், அதையும் அனுமதியில்லாத வேலை என்று அதிகாரி எழுதலாம். 5 டாலரா 50 டாலரா என்று அவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

"நியூயார்க்கில் தெருவில் வாசிக்க லைசென்ஸே வேண்டாம், போலீஸ்காரரே நின்று கேட்டுவிட்டுப் போகிறார்" என்று பையன் உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடம் வரும் எல்லாப் பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அந்த ஊர் நடைபாதையில் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. ஸ்பீக்கர் வைத்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு நாளைக்கு 45 டாலர் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சுரங்க ரயில் நிலையங்களிலும் வாசிக்கலாம், பிளாட்ஃபாரத்தில் மட்டும் ஸ்பீக்கர் கூடாது. 1985 முதல் ரயில் நிர்வாகமே கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து இடம் ஒதுக்கும் திட்டம்கூட நடத்துகிறது. ஆனால் இதெல்லாம் நகரத்தின் சட்டம். விசா மத்திய அரசின் கையில் இருக்கிறது. தர்மகர்த்தா மண்டபத்தில் வாசிக்கச் சொன்னார் என்பதற்காக ஆபீஸில் லீவு கிடைத்துவிடுமா?

இப்போது அந்த ஏஜென்ட். இந்த 'ஆர்ட்டிஸ்ட் விசா' நோட்டீஸ் ஒன்று என் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது. பளபள தாள், ஒரு பக்கம் சாக்ஸபோன், மறுபக்கம் பரதநாட்டியக் கால், கீழே சிவப்பு மையில் '100% கேரன்டி' என்று ரப்பர் ஸ்டாம்ப். விசாவுக்கு கேரன்டி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். விசா கொடுப்பது அவன் மாமா இல்லை.

அவர் சொல்வது அநேகமாக பி-3 விசாவாக இருக்கும். தனித்தன்மையுள்ள மரபுக் கலைகளுக்கென்று அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கலைஞர் தானாகக் கேட்டு வாங்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் ஓர் அமைப்போ அங்குள்ள ஏஜென்டோ, எங்கே, எந்தத் தேதியில், என்ன நிகழ்ச்சி என்று காட்டி மனுப்போட வேண்டும். தொப்பி வைத்து வாசிப்பவருக்கு யார் மனுப்போடுவார்கள், தொப்பியா? இதைவிடப் பெரிய சங்கதி, அந்த விசாவுக்கு மாறினால் பையன் சாஃப்ட்வேர் வேலையை விட்டாக வேண்டும். இதை உங்களிடம் சொன்னாரா அந்த ஆள்? சொல்லியிருந்தால் நீங்கள் 25,000 கொடுத்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்கக் குடியேற்ற மனுக்களில் வக்கீல் இருந்தால் ஜி-28 என்று ஒரு படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். "அதில் யார் கையெழுத்து, அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்த வக்கீல்?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. மனுப் படிவங்கள் எல்லாம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை அச்செடுத்துக் கொடுக்கவே இங்கே பத்தாயிரம் வாங்குகிறார்கள்.

அடுத்தது ஸ்டாம்பிங். அங்கேதான் எனக்கு நிஜமான பயம். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் முன்பு விசா நிபந்தனையை மீறியது உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். 2019 முதல் சமூக வலைத்தளக் கணக்குகளையும் எழுதச் சொல்கிறார்கள். "இல்லை என்று டிக் பண்ணுங்க சார், யார் பார்க்கப் போகிறார்கள்" என்பான் ஏஜென்ட். பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தார் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அது ஆயுள் தடை. தொப்பிப் பணத்தால் வரும் சிக்கல் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பையன் வாசித்ததையும், "இன்றைய வசூல்" என்று டாலரை விரித்துவைத்ததையும் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால், பதறிப்போய் அழிக்கச் சொல்லாதீர்கள். அது தனி வம்பு. டிக்கெட் போடுவதற்கு முன் அங்கே ஒரு குடியேற்ற வக்கீலைக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி வக்கீல் வேண்டாம். அவர் முதலில் பார்ப்பது கம்பெனியின் நலனைத்தான்.

ஸ்டாம்பிங் என்றதும் ஒரு எரிச்சல். 2025 ஜனவரியில் நம் ஊரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தார்கள். எத்தனை வருடக் கோரிக்கை! திறந்த அன்று விசா சேவை மட்டும் இல்லை. அதற்கப்புறமும் நம் ஆட்கள் சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குத்தான் ரயிலேறினார்கள்.

வாங்கிய பணத்துக்கு வரி உண்டா என்றால் உண்டு, கணக்கில் காட்ட வேண்டும். அதையும் அந்த வக்கீலிடமே கேட்கட்டும்.

உங்கள் வீட்டில் ஒரு வழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருமகள் ஹெச்-4 விசாவில், அதாவது ஹெச்-1பிகாரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் விசாவில், இருப்பார் என்று நினைக்கிறேன். 2015 முதல் ஹெச்-4 மனைவிக்கு, அல்லது கணவருக்கு, ஈஏடி என்ற வேலை அட்டை கிடைக்கிறது. எல்லாருக்கும் இல்லை. ஹெச்-1பி வைத்திருப்பவருக்கு, கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு வரிசையில் நின்று ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். அந்த அட்டை வந்துவிட்டால் அவர் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, சொந்தத் தொழில்கூடச் செய்யலாம். அதாவது மருமகள் பாடத் தெரிந்தவராக இருந்தால் பூங்காவில் பாடி, தொப்பி வைத்து, வருவதைத் தன் கணக்கில் போட்டு வரி கட்டலாம். அட்டை கையில் இருக்க வேண்டும், ரசீது போதாது. புதுப்பிக்கும்போது பழைய அட்டை தானாக நீண்டுகொண்டிருந்த வசதியையும் 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு எடுத்துவிட்டார்கள். ஆகவே தேதி முடிந்த மறுநாள் பாடினால் அவரும் மகன் மாதிரியேதான். இன்னொன்று, மருமகள் பெயரில் தொப்பி வைத்து மகன் வாசிப்பது என்று யோசிக்காதீர்கள். மனைவியின் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பதும் கேள்விக்கு உரியதே. போன வருடம் ஒரு குடும்பம் இதே யோசனையோடு என்னிடம் வந்தது. கணவர் கீபோர்டு. வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டு போனார்கள்.

பையன் வாசிக்க வேறு இடமா இல்லை? ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் உட்காரட்டும், நண்பர் வீட்டில் வாசிக்கட்டும். அதே சாக்ஸபோன்காரரோடு பூங்காவிலும் பொழுதுபோக்காக வாசிக்கலாம், தொப்பிப் பக்கம் கை போகாமல் இருந்தால்.

உங்கள் 25,000: இன்றே ஒரு வெள்ளைத்தாளில், "சேவை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தரவும்" என்று தேதி போட்டு எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். பையனின் டிகிரி சான்றிதழ் ஒரிஜினல் எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போய் அதை வாங்கி வாருங்கள்.