சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டவை

19 வருஷமாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் நடுவழியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் தாராளமாக இருக்கிறது. அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே மாதத்தில் நாலு பஞ்சர். ஒவ்வொரு தடவையும் புது டியூப் போடுகிறேன், ரெண்டு நாளில் திரும்பவும் இறங்கிவிடுகிறது. வண்டி ராசியில்லையோ?

ராசியை விடுங்கள். டியூபை மாற்றினீர்கள், குத்தினதை எடுத்தீர்களா? முள் டயரிலேயே இருக்கும்போது எத்தனை டியூப் போட்டாலும் அது வரிசையாகக் குத்திக்கொண்டேதான் இருக்கும். டயரின் உள்பக்கத்தை ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்கவேண்டும். வெறும் விரலால் தடவினால் கிழித்துவிடும். கொஞ்சம் பஞ்சை வைத்துத் தடவுங்கள், நார் எங்கே சிக்குகிறதோ அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறார்.

எனக்கு ஒருமுறை மூன்று டியூப் போன பிறகுதான் புத்தி வந்தது. கடுகளவு கண்ணாடிச் சில்லு. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டயரை இரண்டு கையாலும் பின்னுக்கு வளைத்தபோது ரப்பரில் சின்னதாக ஒரு வாய் திறந்தது, உள்ளே மினுங்கியது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன்.

இன்னொன்று, ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். ரோட்டுப் பக்கம் ஓட்டை என்றால் முள்ளோ சில்லோ. ரிம் பக்கம் என்றால் உள்ளே ஓடுகிற நாடா நகர்ந்து, ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால், காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். டியூப் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கிவிட்டது.

கேள்வி: கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடிக்கிறேன். அது போதாதா?

போதாது. காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்வார்கள். விரலுக்கு 40 பி.எஸ்.ஐ.யும் கல்தான், 60-ம் கல்தான். டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருப்பார்கள். அதில் பெரிய எண் மேல் எல்லை, அதுவரை அடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒல்லி டயருக்கு அதிகம், தடித்த டயருக்குக் குறைவு. வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் வழியே காற்று மெல்லக் கசியும். வாரம் ஒருநாள் அளவுமானி வைத்த பம்பால் அடியுங்கள்.

கேள்வி: பையில் பம்பு இருந்தது, ஆனாலும் ஒரு மூச்சுக் காற்றுகூட ஏறவில்லை. அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

உங்கள் வால்வ் எது என்று பாருங்கள். கார் டயரில் இருப்பதுபோல் தடிமனாக இருந்தால் ஷ்ரேடர். ஒல்லியாக, உச்சியில் குட்டித் திருகோடு இருந்தால் பிரெஸ்டா. அந்தத் திருகை முதலில் தளர்த்தி, ஒருமுறை அமுக்கி 'புஸ்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் பம்பை மாட்டவேண்டும். நான் அதைத் தளர்த்தாமல், வேடிக்கை பார்த்தவர்கள் முன்னால் பத்து நிமிஷம் மாங்குமாங்கென்று அடித்திருக்கிறேன். பல பம்புகளில் தலையைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பரைத் திருப்பிப் போட்டால் இரண்டு வகைக்கும் பொருந்தும். வீட்டிலேயே ஒருதடவை செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதுப் பேண்ட் செயினில் மாட்டிக் கிழிந்துவிட்டது.

மாட்டினதும் பதறி இழுத்திருப்பீர்கள், அதில்தான் கிழிந்திருக்கும். இறங்கி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் போன வழியே வெளியே வந்துவிடும். இனிமேல் வலது காலுக்கு ஒரு பட்டை போடுங்கள், அல்லது காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகு பார்க்கிற இடமில்லை அது. செயின் எண்ணெய்க் கறைக்குத் தண்ணீர் படுமுன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தேய்த்து ஊறவிடுங்கள்.

கேள்வி: மழையில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல், சிக்னலில் நின்ற காரின் பின்னால் போய் முட்டினேன்.

ரிம்மைக் கவ்வும் பிரேக்தானே? ஈர ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் வழிக்கும். சக்கரம் சில சுற்று சுற்றிய பிறகுதான் பிடிப்பு வரும். அதனால் நிற்கவேண்டிய இடத்துக்கு நிறைய முன்னாலேயே லேசாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். ஈரமான வெள்ளைக் கோடு, சாக்கடை இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றின் மேலும் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் அதற்குள் இறங்கி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். கூடியவரை நேர்க்குறுக்காகக் கடங்கள்.

கேள்வி: நின்றிருந்த காரின் கதவைத் திடீரென்று திறந்தார் ஒருவர். விழுந்து தோள்பட்டையில் அடி. "பார்த்து வரக்கூடாதா" என்று என்னையே திட்டினார்.

படிக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. தப்பு அவருடையது. ஆனால் அடி நமக்கு அல்லவா! நிற்கிற வண்டிகளை விட்டுக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஓரமாக ஒதுங்குவது மரியாதை என்று நினைத்துத்தான் நாம் கதவு திறக்கிற பாதைக்குள்ளேயே போய்விடுகிறோம். பின்கண்ணாடி வழியே ஓட்டுநர் சீட்டில் தலை தெரிந்தால் அப்போதே வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

காருக்குள் இருப்பவர் கதவை, அதற்குத் தள்ளி இருக்கிற கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022-ல் இதையே சேர்த்தார்கள். உங்கள் வீட்டில் கார் இருந்தால் நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாகிவிடுகிறது.

பையை முதுகிலிருந்து கேரியருக்கு மாற்றுங்கள். கடைசிப் பத்து நிமிஷம் மெதுவாகப் போங்கள். மாற்றுச் சட்டை ஒன்று அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: இடது பெடல் ஆடுகிறதே என்று முறுக்கி முறுக்கிப் பார்த்தேன். கையோடு கழன்று வந்துவிட்டது.

இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற திருகாணிகளுக்கு எந்தப் பக்கம் இறுக்கமோ, அதற்கு அந்தப் பக்கம் தளர்வு. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். முதலில் கையால் மட்டும் திருகி ஏற்றுங்கள், ஸ்பேனரெல்லாம் கடைசியில். கோணலாக ஏற்றினால் பெடல் மாட்டுகிற கம்பியான கிராங்கின் மரை போய்விடும், பிறகு கிராங்கையே மாற்றவேண்டியதுதான்.

கேள்வி: முட்டி வலிக்கிறது. சைக்கிளை விட்டுவிடலாமா?

முதலில் சீட்டை அளந்து பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் என்றால் உயரம். சரிசெய்தும் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பஞ்சரால் லேட் என்றால் மேலதிகாரி நம்பமாட்டேன் என்கிறார்.

கையைக் கழுவாமல் போய் அவர் முன்னால் நில்லுங்கள். அப்புறம், ரோட்டில் உட்கார்ந்து ஒட்டுப் போடுவதை நிறுத்துங்கள். ஓட்டையைத் தேடி, சொல்யூஷன் காய்ந்து, ஒட்டி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். மாற்று டியூபும் டயரை நெம்பி எடுக்கிற இரண்டு லீவரும் பையில் இருந்தால், கை பழகியபின் பத்து நிமிஷ வேலை. ஓட்டை டியூபைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம், ஒட்டு ராத்திரி வீட்டில்.