குள்ளனுக்குக் கோபம் வரக்கூடாதா?

கேள்வி: எனக்கு 26 வயது. உயரம் 5 அடி 2 அங்குலம். அலுவலகத்தில் குரூப் போட்டோ என்றாலே "டேய் குள்ளா, முன்னாடி வா" என்பார்கள். சிரித்துக்கொண்டே போய் நிற்பேன். போன வாரம் மீட்டிங்கில் என் வேலையைப் பற்றி ஒருவர் தப்பான கணக்குச் சொன்னார். குரலை உயர்த்தி மறுத்தேன். "குள்ளனுக்கு வர்ற கோபத்தைப் பாரு" என்றார். எல்லோரும் சிரிக்க, விஷயம் அதோடு அமுங்கிப்போனது. கால்களை நீளமாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. எலும்பை வெட்டி, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டராக விலக்குவார்கள். 5 சென்டிமீட்டருக்கே ஐம்பது நாள். புது எலும்பு கெட்டிப்பட இன்னும் பல மாதம். தொற்று, நரம்புப் பாதிப்பு, மூட்டு இறுக்கம் எல்லாம் வரலாம். ஒரு கால் குட்டையாக இருப்பவருக்கு அது தேவைப்படலாம். உங்கள் காலுக்கு என்ன குறை?

என்னை உறுத்தியது அந்த மீட்டிங்தான். நெட்டையான ஒருவர் அதே குரலில் பேசியிருந்தால் 'கறாரான ஆள்' என்றிருப்பார்கள். நீங்கள் பேசினால் மட்டும் கணக்கு மறந்துபோய் உயரம் ஞாபகம் வருகிறது. குள்ளமானவர்கள் உயரக் குறையைக் கோபத்தால் ஈடுகட்டுகிறார்களாம், இதற்கு 'நெப்போலியன் காம்ப்ளெக்ஸ்' என்று பட்டம் வேறு! அந்தப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனே குள்ளர் இல்லை. உங்களைப் போலவே அவரும் 5 அடி 2 அங்குலம்தான், ஆனால் பழைய பிரெஞ்சு அளவில். அந்த அடியும் அங்குலமும் பெரியவை. இன்றைய கணக்கில் சுமார் ஐந்தரை அடி. அந்தக் காலத்துக்குச் சராசரி. அவரைக் குட்டையாக வரைந்து சிரித்தவர்கள் கில்ரே போன்ற ஆங்கிலேயக் கார்ட்டூன்காரர்கள். எதிரி வரைந்த கேலிப்படம் 200 வருஷமாக ஓடுகிறது. நாம் மட்டும் என்ன ஒழுங்கு? 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று எதுகைக்காக ஒரு கூட்டத்தையே பழிசொல்லி வைத்திருக்கிறோம்.

போட்டோவில் முன்னால் நிற்கச் சொல்வது தப்பில்லை, முகம் தெரிய வேண்டுமே. 'குள்ளா'தான் தப்பு. அதற்குச் சிரிப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், அதிகம் கூப்பிடுகிறவரைத் தனியாகப் பார்த்து, "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். "விளையாட்டுக்குத்தானே" என்பார். "எனக்கு விளையாட்டா இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். விளக்கம் கொடுத்தால் அதுவும் கேலியாகும்.

சரி, அந்தத் தப்பான கணக்கு இன்னும் அப்படியே நிற்கிறதே? இன்றைக்கே மீட்டிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு மெயில் போடுங்கள். சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சரியான கணக்கை மட்டும் எழுதுங்கள்.